பாதி வேலை பாதியாகவே இருக்கட்டும்

காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்த வாரம். மறுநாள் பெற்றோர் கூட்டம். மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வகுப்பாசிரியை ஒரு தாளைக் கையில் பிடித்தபடி கணினி ஆய்வகத்துக்குள் வந்தார். "சார், இந்தப் பொண்ணு பரீட்சையே எழுதல. காய்ச்சல்ல படுத்திருந்தா. உங்க லிஸ்ட்ல ஆறு பாடத்துலயும் பூஜ்யம்னு வந்திருக்கு. சிறப்புக் கவனம் தேவைப்படுவோர் பட்டியல்ல முதல் பேரே இவதான். நாளைக்கு இவ அம்மா வந்து பார்த்தா என்ன சொல்றது?"

அந்தப் பட்டியலைத் தயாரித்தது எங்கள் பள்ளிப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தானில் எழுதிய நிரல். பாட ஆசிரியர்கள் தரும் மதிப்பெண்களைப் படித்து, தேர்வெழுதியோர், தேர்ச்சி பெற்றோர், தேர்ச்சி விழுக்காடு, கவனம் தேவைப்படுவோர் என்று பிரித்து அச்சிட்டுத் தரும். முன்பு இதே வேலைக்கு வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டார்கள். நிரலில் இருந்த தவறு சின்னது. 'வரவில்லை' என்பதற்கு ஆசிரியர்கள் இடும் எழுத்தை அது எண்ணாக மாற்றப் பார்த்து, முடியாதபோது பூஜ்யம் என்று வைத்துக்கொண்டது. நான்கு வரியைத் திருத்தினால் போதும். தலைமை ஆசிரியர், "ரெண்டு மணிக்குள்ள புது லிஸ்ட் கொடுத்துடுங்க சார்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

திருத்தம் நான்கு வரிதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த நிரலை என்னால் தொட முடியவில்லை. ஏன் முடியவில்லை, அவசரத்தில் நான் என்ன கெடுத்தேன், அதன்பின் என்ன கற்றுக்கொண்டேன் என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. கணினி ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன் என்றாலும், வினாத்தாள், பாடக்குறிப்பு என்று ஒரே கோப்பைப் பலமுறை திருத்தும் யாருக்கும் பாதிக்கு மேல் புரியும். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

பணிப்பதிவேடும் கரும்பலகையும்

எங்கள் நிரலின் மாற்றங்களை 'கிட்' என்ற மென்பொருளைக் கொண்டு பதிவு செய்து வந்தோம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது இது. அதுவரை லினக்ஸ் குழுவினர் பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது நின்றுபோனதால் அவசரமாகப் பிறந்தது. கட்டணம் இல்லை. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டியதில்லை. நம் ஆய்வகங்களுக்கு இந்த இரண்டாவது குணம்தான் பெரிது.

கிட் வைத்திருக்கும் வரலாற்றை நம் பணிப்பதிவேட்டோடு ஒப்பிடலாம். ஒரு கட்டத்தில் கோப்புகள் எப்படி இருந்தனவோ அப்படியே ஒரு பதிவு. அடுத்த மாற்றத்துக்கு அடுத்த பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் தனக்கு முந்தைய பதிவு எதுவென்று தெரியும். இதைத்தான் 'கமிட்' என்கிறார்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் நாற்பது எழுத்து நீளத்தில் ஓர் அடையாளம் உண்டு.

கிளை என்பது இந்த வரலாற்றில் ஓர் இடத்தைச் சுட்டும் பெயர், அவ்வளவுதான். கிளை பிரித்தால் கோப்புகள் எல்லாம் இன்னொரு முறை நகல் எடுக்கப்படுகின்றன என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அந்த நாற்பது எழுத்தை எழுதி வைத்த ஒரு சீட்டுதான் கிளை. நாம் புதிதாக ஒரு கமிட் செய்தால், சீட்டில் உள்ள அடையாளம் மாறிப் புதிய கமிட்டைச் சுட்டும். அதனால்தான் ஆயிரம் கோப்பு இருந்தாலும் ஒரு நொடியில் கிளை பிரிகிறது.

எங்களிடம் இரண்டு கிளைகள் இருந்தன. 'மெயின்' என்பது வகுப்பாசிரியர்களுக்காக ஓடிக்கொண்டிருக்கும் நிரல். 'டேட்டாபேஸ்' என்ற கிளையில் ஒரு மாணவி வேலை செய்துகொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தான் பாடத்தில் முதலில் சிஎஸ்வி கோப்பு வரும். பிறகு எஸ்க்யூலைட் தரவுத்தளம் வரும். முதல் பாடத்தைக் கொண்டு எழுதிய நிரலை இரண்டாவது பாடத்துக்கு மாற்றிக் காட்டுகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஈராசிரியர் பள்ளியில் பணியாற்றியவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே அறை, ஒரே கரும்பலகை, இரண்டு வகுப்பு. நான்காம் வகுப்புக்குப் போட்ட கணக்கு பாதியில் நிற்கும்போது ஐந்தாம் வகுப்புக்கு எழுத வேண்டும் என்றால் பலகையை அழித்தாக வேண்டும். கிட்டில் எத்தனை கிளை இருந்தாலும், கோப்புகள் கண்ணுக்குத் தெரியும் கோப்புறை ஒன்றுதான். 'கிட் ஸ்விட்ச் மெயின்' என்றால், அதே கோப்புறையில் உள்ள கோப்புகளை எடுத்துவிட்டு மெயின் கிளையின் கோப்புகளை அங்கே வைக்கும். வரலாறு பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் இன்னும் ஏறாத, பலகையில் மட்டும் இருக்கும் பாதிக் கணக்கு என்ன ஆகும்?

அந்த மாணவியின் மூன்று நாள் வேலை அன்று பலகையில் மட்டும்தான் இருந்தது. நிரல் இன்னும் ஓடாததால் அவள் கமிட் செய்யவில்லை. ஓடாததைப் பதிவு செய்ய மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். திருத்தாத நோட்டை மேசையில் வைக்கத் தயங்குவது போல.

நான் செய்தது

'கிட் ஸ்விட்ச் மெயின்' என்று கொடுத்தேன். கிட் மறுத்தது. "பதிவு செய்யாத மாற்றங்கள் இருக்கின்றன, கிளை மாறினால் அவை அழிந்துவிடும், முதலில் அவற்றைப் பதிவு செய் அல்லது எடுத்து வை" என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. சரியாகத்தான் சொன்னது. எனக்குத்தான் நேரம் இல்லை.

கோப்புறை முழுவதையும் பென்டிரைவில் நகல் எடுத்தேன். அந்த நகலில் அவளுடைய மாற்றங்களை நீக்கி, மெயின் கிளைக்குப் போய், நான்கு வரியைத் திருத்தி, கமிட் செய்து, புதிய பட்டியலை அச்சிட்டேன். மணி ஒன்றரை. வகுப்பாசிரியை மகிழ்ச்சியோடு வாங்கிப் போனார். இதுவரை தவறில்லை. மாலையில், திருத்திய நிரல் ஆய்வகக் கணினியிலும் இருக்க வேண்டுமே என்று பென்டிரைவில் இருந்த கோப்புறையைப் பழையதன் மேலேயே ஒட்டினேன். "ஏற்கெனவே உள்ள கோப்புகளை மாற்றவா?" என்று கணினி கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன்.

மறுநாள் அவள் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புதிதாக உருவாக்கிய இரண்டு கோப்புகள் மட்டும் அப்படியே இருந்தன. அதே பெயரில் வேறு கோப்பு இல்லாததால் தப்பின. மதிப்பெண்ணைப் படிக்கும் முதன்மைக் கோப்பில் அவள் செய்திருந்த மாற்றம் முழுவதும் போய்விட்டது. கிட் எதையும் தொலைக்காது என்று வகுப்பில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதனிடம் கொடுத்ததைத்தான் அது தொலைக்காது. 'கிட் ஆட்' என்றுகூடச் சொல்லாத கோப்பின் மாற்றத்தை அது அறியவே அறியாது. எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது.

"பரவால்ல சார், ஞாபகம் இருக்கு" என்றாள். வகுப்பின் முன் நான் மன்னிப்புக் கேட்டேன். நான்கு நாளில் திரும்ப எழுதிவிட்டாள். ஆனால் அடுத்த வாரம் கணினியின் முகப்புத் திரையில் புதிய கோப்புறைகள் முளைத்திருந்தன. 'டேட்டாபேஸ் புதுசு', 'டேட்டாபேஸ் புதுசு 2', 'கடைசி', 'உண்மையான கடைசி'. இந்தப் பழக்கம் வேண்டாம் என்றுதான் ஜூன் மாதம் கிட் சொல்லிக் கொடுத்தேன். என்னையும் நம்பாமல் கிட்டையும் நம்பாமல் அவள் நகல் எடுக்க ஆரம்பித்திருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கிளைகள் பல இருக்க, கோப்புறை ஒன்றே இருப்பதுதான் கோளாறு என்று அப்போதுதான் உறைத்தது.

மற்ற வழிகள்

இதற்கு 'ஸ்டாஷ்' இருக்கிறதே என்று கிட் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பதிவு செய்யாத மாற்றங்களை எடுத்துத் தனியே அடுக்கி வைத்து, பலகையைச் சுத்தமாக்கித் தரும் கட்டளை அது. வேலை முடிந்ததும் 'ஸ்டாஷ் பாப்' என்றால் மேலே இருப்பது திரும்பி வரும். ஒருவர் மட்டும் உட்காரும் கணினியில், பத்து நிமிட வேலைக்கு இது நல்ல வழி. எங்கள் ஆய்வகத்தில் நான் இதை விலக்கி வைத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்டாஷ் சாதாரணமாகப் புதிய கோப்புகளை எடுத்து வைக்காது. அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலும், அடுக்கி வைத்தது யாருடையது என்பது இரண்டு நாளில் மறந்துவிடும். நான்கு பேர் மாறி மாறி உட்காரும் கணினியில் ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுப்பது நடக்கும்.

பாதி வேலையையே கமிட் செய்துவிடலாம். இதில் தவறே இல்லை; இப்போது நான் இதை வற்புறுத்தியே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அவசரம் வரும் நேரத்தில் அந்த வேலைக்குரிய மாணவி வேறு வகுப்பில் வேதியியல் செய்முறையில் இருந்தால், அவள் வேலையை நான் பதிவு செய்வது முறையாகப் படவில்லை.

'கிட் குளோன்' மூலம் இன்னொரு முழு நகல் எடுக்கலாம். நான் பென்டிரைவில் செய்ததன் ஒழுங்கான வடிவம் அது. வேறு வேறு கணினிகளில் வேலை செய்பவர்களுக்கு அதுதான் வழி. ஒரே கணினியில் என்றால், இரண்டு தனித்தனிப் பதிவேடுகள் உண்டாகிவிடும். ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தானாகத் தெரியாது. இழுத்தும் தள்ளியும் சமன் செய்ய வேண்டும்.

இன்னொரு பலகை

தேடியபோது கிடைத்ததுதான் 'கிட் வொர்க்ட்ரீ'. புதிது ஒன்றும் இல்லை. 2015 ஜூலையில் வெளியான கிட் 2.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. பத்து ஆண்டு பழைய கட்டளை என் கண்ணில் படாமல் போனது என் குறைதான். பதிவேடு ஒன்று, பலகைகள் பல என்பதே இதன் ஏற்பாடு. அதே அறையில், எதிர்ச் சுவரில் இன்னொரு கரும்பலகை மாட்டுவது போல. நான்காம் வகுப்புக் கணக்கு பாதியில் நிற்கட்டும். ஐந்தாம் வகுப்பு அந்தப் பக்கம் திரும்பி உட்காரலாம். அலமாரியும் பதிவேடும் இருவருக்கும் பொது.

எங்கள் நிரல் 'மதிப்பெண்' என்ற கோப்புறையில் மெயின் கிளையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நின்று இப்படிக் கொடுத்தேன்:

கிட் வொர்க்ட்ரீ ஆட் ../டேட்டாபேஸ் டேட்டாபேஸ்

'மதிப்பெண்' கோப்புறைக்கு வெளியே, அதன் பக்கத்தில், 'டேட்டாபேஸ்' என்ற புதிய கோப்புறை உருவாகும். அதற்குள் டேட்டாபேஸ் கிளையின் கோப்புகள் இருக்கும். கட்டளையில் முதலில் வருவது கோப்புறையின் இடம். அடுத்து வருவது கிளையின் பெயர். இரண்டு புள்ளியும் சாய்கோடும், ஒரு படி வெளியே போய் உருவாக்கு என்பதற்காக. உள்ளேயே உருவாக்கவும் முடியும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் மாணவர்கள் எங்கே நிற்கிறோம் என்று குழம்புவார்கள். பக்கத்தில் வைப்பதே நல்லது.

இன்னும் பிறக்காத கிளைக்கும் சேர்த்து ஒரே வரியில் சொல்லலாம்:

கிட் வொர்க்ட்ரீ ஆட் -பி ஆப்சென்ட் ../ஆப்சென்ட் மெயின்

மெயின் இப்போது இருக்கும் நிலையிலிருந்து 'ஆப்சென்ட்' என்று ஒரு கிளை பிரித்து, அதைப் பக்கத்தில் ஒரு கோப்புறையில் விரித்து வை என்று பொருள். அன்று பன்னிரண்டு மணிக்கு எனக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும். அவள் கோப்புறையை விரல்கூடத் தொடாமல் வேலை முடிந்திருக்கும்.

புதிய கோப்புறைக்குள் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். வழக்கமாகப் புள்ளியில் தொடங்கும் 'கிட்' என்ற மறைவான கோப்புறைக்குள்தான் முழு வரலாறும் இருக்கும். வொர்க்ட்ரீயில் அதே பெயரில் இருப்பது கோப்புறை அல்ல, ஒரு சின்ன உரைக்கோப்பு. திறந்தால் ஒரே வரி: உண்மையான பதிவேடு இன்ன இடத்தில் இருக்கிறது என்ற முகவரி. அதனால்தான் வரலாறு இரண்டாவது முறை நகலாவதில்லை. கோப்புகள் மட்டும் விரிகின்றன. ஒரு கோப்புறையில் செய்த கமிட் அடுத்த நொடியே மற்ற கோப்புறையில் 'கிட் லாக்' வழியாகத் தெரியும். இதை மாணவர்கள் கண்ணால் பார்த்தபோது ஏற்பட்ட தெளிவு, நான் பலகையில் வட்டமும் அம்பும் போட்டு விளக்கிய இரண்டு பாடவேளையில் ஏற்படவில்லை.

நவம்பரில் மறுபடி ஓர் அவசரம். ஒரு பிரிவில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண் இல்லாமல் விழுக்காடு தவறாக வந்தது. அந்த மாணவி அன்றும் பாதி வேலையில் இருந்தாள். 'மதிப்பெண்' கோப்புறையில் நின்று புதிய கிளைக்கு ஒரு வொர்க்ட்ரீ சேர்த்தேன். திருத்தினேன், ஓட்டிப் பார்த்தேன், கமிட் செய்தேன். மெயின் இருக்கும் கோப்புறைக்குத் திரும்பி 'கிட் மெர்ஜ்' கொடுத்து அந்தத் திருத்தத்தைச் சேர்த்தேன். பிறகு 'கிட் வொர்க்ட்ரீ ரிமூவ்' என்று சொல்லி அந்தத் தற்காலிகக் கோப்புறையை எடுத்துவிட்டேன். கோப்புறை போனாலும் கிளையின் பெயர் இருக்கும். அதைத் தனியே 'கிட் பிராஞ்ச் -டி' என்று நீக்க வேண்டும். கோப்புறை இருக்கும்போதே கிளையை நீக்க முயன்றால் கிட் விடாது. எல்லாம் இருபது நிமிடம்.

அவள் மதியம் வந்தபோது கேட்ட முதல் கேள்வி, "சார், யாராச்சும் என் ஃபோல்டரைத் தொட்டீங்களா?" இல்லை என்றேன். 'கிட் ஸ்டேட்டஸ்' போட்டுப் பார்த்துக்கொண்டாள். முந்தைய நாள் விட்ட இடத்தில் எல்லாம் இருந்தது. தன் வேலை ஒரு நிலைக்கு வந்து கமிட் செய்த பிறகு, அவளே 'கிட் மெர்ஜ் மெயின்' கொடுத்து என் திருத்தத்தைத் தன் கிளைக்குள் கொண்டுவந்தாள். ஓர் இடத்தில் இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்ததால் மோதல் வந்தது. கிட் இரண்டு வடிவத்தையும் குறியிட்டுக் காட்டியது. எதை வைப்பது என்று அவள்தான் முடிவு செய்தாள். மோதல் வருவதை வொர்க்ட்ரீ தடுக்காது. அவரவர்க்கு வசதியான நேரத்தில் அதைச் சந்திக்க விடும்.

நான் எதிர்பாராத பயன்

அவசரத்துக்காகத்தான் இதைத் தேடிப் போனேன். ஆனால் எங்களுக்குப் பெரிய பாடம் வேறு இடத்தில் கிடைத்தது. கோப்புறைகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால் இரண்டு நிரலையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். டிசம்பரில் ஒரு நாள், ஒரே மதிப்பெண் கோப்பை மெயின் நிரலுக்கும் அவளுடைய தரவுத்தள நிரலுக்கும் கொடுத்து, விடைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மெயின் 42 மாணவர் என்றது. அவள் நிரல் 41 என்றது.

யார் காணாமல் போனது? இரண்டு பட்டியலையும் வரிவரியாக ஒப்பிட்டு மாணவர்களே கண்டுபிடித்தார்கள். அந்தப் பிரிவில் ஒரே பெயரில், ஒரே தலைப்பெழுத்தில் இரண்டு பேர். தரவுத்தளத்தில் அவள் பெயரையே முதன்மைத் திறவுகோலாக வைத்திருந்தாள். இரண்டாவது ஆளின் மதிப்பெண் முதல் ஆளின் மேல் எழுதப்பட்டுவிட்டது. முதன்மைத் திறவுகோல் ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்ட வேண்டும் என்ற வரையறையை இரண்டு மதிப்பெண் வினாவுக்காக எல்லாரும் மனப்பாடம் செய்திருந்தார்கள். அது ஏன் என்று அன்றுதான் கேட்டார்கள். பெயரை எடுத்துவிட்டுச் சேர்க்கை எண்ணை வைத்தாள். 42 வந்தது. கிளை மாற்றி மாற்றி ஓட்டியிருந்தாலும் இந்தத் தவறு தெரிந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எண்ணமே எங்களுக்கு வந்திருக்காது.

இந்த நேரத்தில் வேறொரு மாணவன் வரைபடம் வரையும் பாடத்தைக் கொண்டு பாடவாரியான பட்டை வரைபடம் சேர்க்க ஆரம்பித்தான். அவனுக்கு மூன்றாவது கோப்புறை. கணினி ஒன்றுதான், திங்கள், புதன் அவள், செவ்வாய், வியாழன் அவன். முன்பெல்லாம் உட்கார்ந்ததும் பத்து நிமிடம் "இது யார் விட்டுட்டுப் போனது?" என்பதில் போகும். அது நின்றது.

வழுக்கும் இடங்கள்

ஒரே கிளையை இரண்டு கோப்புறையில் விரிக்க கிட் அனுமதிக்காது. மாணவர்கள் இதைப் பிழை என்று நினைத்து என்னிடம் ஓடி வந்தார்கள். யோசித்தால் நியாயம் புரியும். ஒரு கோப்புறையில் கமிட் செய்தால் கிளையின் சீட்டு முன்னே நகரும். அதே கிளையை விரித்து வைத்திருக்கும் மற்ற கோப்புறை, கீழே தரை நகர்ந்தது தெரியாமல் நிற்கும். அதனால் ஒரு கிளைக்கு ஒரு கோப்புறை.

புதிய கோப்புறையில் நிரலை ஓட்டியதும் "கோப்பு இல்லை" என்ற பிழை வந்தது எங்களுக்கு. மாணவர்களின் மதிப்பெண் கோப்பை நாங்கள் கிட்டில் சேர்ப்பதில்லை. புறக்கணிக்க வேண்டியவை பட்டியலில் வைத்திருக்கிறோம். நிரலை யாருக்கும் கொடுக்கலாம், பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கொடுக்கக் கூடாது. எனவே வொர்க்ட்ரீ விரியும்போது அந்தக் கோப்பு வராது. பதிவேட்டில் இருப்பதுதான் வரும். பைத்தானுக்காகத் தனியே அமைத்த நூலகச் சூழலும் அப்படியே, மறுபடி அமைக்க வேண்டும். பெயர்களை மாற்றிய ஒரு மாதிரி மதிப்பெண் கோப்பை உருவாக்கி அதைப் பதிவேட்டில் சேர்த்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. எல்லா நிரல் திட்டத்துக்கும் முதல் நாளே இப்படி ஒரு மாதிரிக் கோப்பு வைப்பது நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

வொர்க்ட்ரீ கோப்புறையை வலது சொடுக்கி நீக்காதீர்கள். நீக்கிவிட்டால் கமிட் செய்தவற்றுக்கு ஆபத்தில்லை; ஆனால் அப்படி ஒரு பலகை இருப்பதாகப் பதிவேடு நினைத்துக்கொண்டே இருக்கும். 'கிட் வொர்க்ட்ரீ புரூன்' அந்தப் பழைய குறிப்பைத் துடைக்கும். 'ரிமூவ்' கட்டளை வழியாகப் போனால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: பதிவு செய்யாத வேலை உள்ளே இருந்தால் நீக்க மறுக்கும். அந்த மறுப்பை மீறவும் ஒரு வழி இருக்கிறது. அதை நான் மாணவர்களுக்குச் சொல்லவில்லை; என்னைப் போல யாராவது அவசரத்தில் இருப்பார்கள்.

கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றுவதும் 'கிட் வொர்க்ட்ரீ மூவ்' வழியாகவே இருக்கட்டும். கையால் நகர்த்தி இணைப்பு அறுந்துவிட்டால், அண்மைப் பதிப்புகளில் 'ரிப்பேர்' என்ற கட்டளை சரி செய்யும். பென்டிரைவில் வொர்க்ட்ரீ வைப்பவர்கள் 'கிட் வொர்க்ட்ரீ லாக்' கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால், பென்டிரைவ் செருகாமலே நாள்கள் ஓடினால், அந்தக் கோப்புறை போய்விட்டது என்று கிட் முடிவு செய்து தன் குறிப்பைத் துடைத்துவிடும்.

முன்னே சொன்ன ஸ்டாஷ் அடுக்கு எல்லாக் கோப்புறைக்கும் பொது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தக் கோப்புறையில் எடுத்து வைத்தது அந்தக் கோப்புறையில் வந்து இறங்கும். எங்கள் ஆய்வகச் சுவரில் 'ஸ்டாஷ் வேண்டாம்' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். வேறு பள்ளியில் வேறு முடிவு எடுக்கலாம்.

எத்தனை கோப்புறை விரிந்திருக்கிறது, எதில் எந்தக் கிளை என்று பார்க்க 'கிட் வொர்க்ட்ரீ லிஸ்ட்' போதும். ஆய்வகத்தைப் பூட்டும் முன் இதை ஒருமுறை போட்டுப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பிப்ரவரி தொடக்கத்தில், செய்முறைத் தேர்வுக்குக் கணினிகளைத் தயார் செய்த அன்று போட்டபோது மூன்று வரி வந்தது: மெயின், டேட்டாபேஸ், வரைபடம். டேட்டாபேஸ் கிளை அதற்குள் மெயினோடு இணைந்துவிட்டது. ஆகவே அந்தக் கோப்புறை இனி தேவையில்லை. அவளைக் கூப்பிட்டு, "நீயே எடுத்துடும்மா" என்றேன். அவள் முதலில் முகப்புத் திரையில் கிடந்த 'உண்மையான கடைசி'யை நீக்கினாள். பிறகு உட்கார்ந்து 'ரிமூவ்' கட்டளையைத் தட்டினாள். மறுப்பு எதுவும் வரவில்லை.